பொதுப் பணமும் நண்பனின் பொய்க் கணக்கும்



மலாக்கா நகரிலிருந்து மஸ்ஜித் தானாவை நோக்கிச் செல்லும் சாலையில் சுங்கை ஊடாங் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் பால்மரக் காடுகள் பரந்து கிடந்தன. 1950களின் இறுதியில் இங்கே தெரண்டாக் இராணுவ முகாம் எழுந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் படையினர் அங்கே தங்கியிருந்தனர். 1994 ஆம் ஆண்டில் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. ஊர் மாற மாற, மலாக்காத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம் மக்களில் பெரும்பாலோர் தாமான் வீடுகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர்.

லயத்து வாழ்க்கையில் ஒளிவு மறைவு குறைவு. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். யாருக்கு எத்தனை நாள் வேலை, யார் வீட்டில் கடன், யார் உண்மையில் நோயாளி, யார் பெரட்டுக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறார் என்பதெல்லாம் அறிந்த செய்திதான். தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பழகியவர்களின் வரவு செலவு நமக்குத் தெரிந்தே இருக்கிறது.

அப்படித் தெரிந்திருப்பதால் ஒரு தொல்லையும் நமக்கு வந்து சேர்கிறது. கற்பனையாக ஒருவரை எடுத்துக் கொள்வோம். அவர் நம் நண்பர். நம்மோடு ஒன்றாக மரம் வெட்டியவர். நம் பிள்ளையின் திருமணத்தில் பந்தி பரிமாறியவர். வேலையில் அடிபட்டதாகச் சொல்லி எம்.சி. எடுத்து, பெர்கேசோவிடமிருந்து உதவித் தொகை பெறுகிறார். அதே நாட்களில் வேறோர் இடத்தில் கூலிக்குப் புல் வெட்டுகிறார். நாம் அதைக் கண்ணால் பார்க்கிறோம். அவரும் நாம் பார்த்ததைப் பார்க்கிறார். மாலையில் வந்து, "மச்சான், யார் வீட்டுப் பணம் இது? அரசாங்கப் பணம்தானே!" என்று சிரிக்கிறார்.

நாம் என்ன செய்ய வேண்டும்? அதிகாரியிடம் சொல்வதா? பேசாமல் இருப்பதா? இதற்கு விடை தேடுமுன், நம் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இந்தக் கேள்வி நம்மை ஏன் இவ்வளவு கூச வைக்கிறது என்பதற்கான காரணம் வரலாற்றில்தான் இருக்கிறது.

நம் மொழியில் இச்செயலுக்கு வழங்கும் பெயரே கசப்பானது. 'காட்டிக் கொடுத்தல்' என்கிறோம். செய்தவனை 'எட்டப்பன்' என்று ஏசுகிறோம். 1799 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1959 இல் அவர் கதை திரைப்படமாக வந்தபோது அந்த ஏச்சுச் சொல்லுக்குப் புது வலிமை கிடைத்தது. தோட்டத்தில் ஒருவரை எட்டப்பன் என்று அழைத்துவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆனால் இந்த வெறுப்பு ஒரு கதையிலிருந்து மட்டும் வந்ததன்று. மலாயாவில் நம் முன்னோர் பட்ட அனுபவம் அதை ஆழமாக வேரூன்றச் செய்தது.

மலாக்காவில் தான் சாய் யான் என்பவர் 1896 ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது முன்னோடியாயிற்று. தோட்டங்கள் பெருகப் பெருக ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தனர். தம்மிடம் உள்ள ஆட்கள் வேலைக்கு வரும் நாட்களைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆள் எண்ணிக்கையில்தான் அவர் வருமானம் இருந்தது.

காலையில் பெரட்டு; பெரட்டில் பெயர் கூப்பிடுதல்; அந்தப் பெயர்கள் கிராணியின் செக்ரோலில் ஏறுதல். தொழிலாளியின் வாழ்வே அந்தப் புத்தகத்தில் அடங்கியிருந்தது. ஆனால் அதைப் படித்துப் பார்க்கும் கல்வியோ, கேள்வி கேட்கும் உரிமையோ அவருக்கு இல்லை. கணக்கு எழுதுபவர் ஒருவர், கணக்கில் எழுதப்படுபவர் இன்னொருவர். இந்த நிலையில் ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியைப் பற்றி மேலிடத்தில் சொன்னால் அது யாருக்குப் பயன்பட்டது? தோட்ட நிர்வாகத்துக்குத்தான். கூலி குறைக்கப்பட்டவன் நம்மவன். சொன்னவனுக்குக் கிடைத்ததோ கங்காணியின் தயவு.

அக்காலத்தில் நம்மவருக்கென ஒரு நிதியும் இருந்தது. 1907 ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்பது ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தொழிலாளர் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு முதலாளிமார் அதற்குப் பணம் செலுத்தினர். கப்பல் பயணச் செலவு அதிலிருந்து தரப்பட்டது. உடல் தளர்ந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் அதுவே உதவியது. 1958 இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999 இல் கலைக்கப்பட்டது. நம் மக்களின் பெயரால் இருந்த நிதியானாலும் தொடக்க காலத்தில் அதன் நிர்வாகம் தொழிலாளியின் கையில் இல்லை. 'நம் பணம்' என்று அவர் அதை எண்ணியிருக்க இடமில்லை.

அடுத்து ஜப்பானியர் காலம் வந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்து தருவித்தது. 1942 க்குப் பிறகு அந்த வரத்து நலிந்தது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. நாளாக நாளாகப் பங்கின் அளவு குறைந்தது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வீட்டு ஆண்களில் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பல்லாயிரவர் திரும்பவில்லை. அந்நாளில் ஒரு வீட்டார் இறந்துபோனவரின் பெயரைப் பங்கீட்டு அட்டையிலிருந்து நீக்காமல் வைத்திருந்தார்கள் என்றால், அவர்களைப் பொய்யர் என்று யார் சொல்வார்? அதே காலத்தில் கெம்பெத்தாய் என்னும் இராணுவக் காவல் படையின் கொடுமையும் நடந்தது. முகத்தை மூடிய ஒற்றர்களைக் கொண்டு மக்களை வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் செய்தனர். ஒருவன் தலையசைத்தால் இன்னொருவன் உயிர் போயிற்று. காட்டிக் கொடுத்தல் என்பது கொலைக்குத் துணைபோதல் என்ற பொருளை அப்போதுதான் முழுமையாகப் பெற்றது.

போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குள் அவசரகாலம் வந்தது. 1948 முதல் 1960 வரை அது நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேராதபடி அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டை விதித்தது. வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் வாயிலில் சோதனையிடப்பட்டனர். 1952 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தஞ்சோங் மாலிம் அருகே நடந்த தாக்குதலில் பன்னிருவர் கொல்லப்பட்டனர். அப்போது உயர் ஆணையராக இருந்த ஜெனரல் டெம்ப்ளர் அந்த ஊருக்கே தண்டனை விதித்தார். நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கும் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் அது நீடித்தது. பின்னர் வீடுதோறும் ஒரு கேள்வித் தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டியதில்லை. தெரிந்ததை எழுதிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டிகள் கோலாலம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னிலையில் திறக்கப்பட்டன. பின்னர்ப் பலர் கைது செய்யப்பட்டனர்.

மலாக்காவுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1953 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள், நாட்டிலேயே முதன்முதலாக மலாக்காவின் ஒரு பகுதி 'வெள்ளைப் பகுதி' என அறிவிக்கப்பட்டது. அங்கே ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீங்கின. அரிசியை அளந்து வாங்கி, அளந்து சமைத்து, வாயிலில் கை தூக்கி நின்ற மக்களுக்கு அது பெரிய விடுதலை.

இந்த மூன்று காலங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கங்காணி காலத்திலும், ஜப்பானியர் காலத்திலும், அவசரகாலத்திலும் சோறு பிறர் கையில் இருந்தது. தகவல் சொல்வது அந்தப் பிறருக்கே பயன்பட்டது. ஆகவே 'கண்டதைச் சொல்லாதே' என்ற பாடத்தை நம் முன்னோர் கற்றனர். பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். அந்தப் பாடத்தைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அது அவர்களைக் காப்பாற்றியது.

ஆனால், அன்பர்களே, பணத்தின் உடைமை மாறிவிட்டது. இதைத்தான் நாம் கவனிக்க மறந்துவிட்டோம். 1946 ஆம் ஆண்டில் மலாயாவில் சமூக நல இலாகா தொடங்கப்பட்டது. 1951 இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1952 இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1969 இல் நிறைவேறிய தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971 முதல் பெர்கேசோ, அதாவது சொக்சோ, செயல்படத் தொடங்கியது. வேலையில் அடிபட்டவருக்கும், உழைக்கும் ஆற்றலை இழந்தவருக்கும், குடும்பத் தலைவரை இழந்தவருக்கும் அதிலிருந்து பணம் கிடைக்கிறது. 2012 இல் தொடங்கிய பிரிம் முதல் 2023 இல் வந்த எஸ்.டி.ஆர். வரை, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு ரொக்க உதவியும் வழங்கப்பட்டு வருகிறது.

பெர்கேசோ பணம் யாருடையது? தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் சந்தாவால் சேர்ந்தது அது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் அந்தப் பிடித்தம் தெரியும். சமூக நல இலாகாவின் உதவிப் பணம் யாருடையது? நாம் கடையில் பொருள் வாங்கும்போதும், வேலை செய்யும்போதும் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. ஆகவே "அரசாங்கப் பணம்தானே" என்று நண்பர் சிரிக்கும்போது, அவர் இன்னும் கங்காணி காலத்துக் கணக்கையே பேசுகிறார். உண்மையில் அவர் எடுப்பது அடுத்த வீட்டுக்காரரின் சந்தாவை.

பணம் குறைவது ஒரு கேடு. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பொய் பெருகினால் அதிகாரிகளின் சந்தேகமும் பெருகும். புதிய பாரம், கூடுதல் சான்று, மீண்டும் ஒரு மருத்துவப் பரிசோதனை என்று வழி நீளும். அந்த நீண்ட வழியில் விழுந்து எழுவது யார்? கணவனை இழந்து, எழுதப் படிக்கத் தெரியாமல், பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஓரெழுத்து மாறியிருப்பதால் மூன்று முறை பஸ் ஏறி இலாகாவுக்குச் செல்லும் தோட்டத்துத் தாய்தான். பொய் சொன்னவர் சாமர்த்தியசாலி. அவர் அடுத்த வழியைக் கண்டுபிடித்துவிடுவார். மெய் சொல்பவர்தான் வாசலில் நிற்பார்.

அப்படியானால் கண்டவுடன் ஓடிச் சென்று புகார் கொடுப்பதுதான் கடமையா? அதுவும் அவ்வளவு எளிதன்று. நாம் கண்டது உண்மையில் குற்றந்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்தை எடுத்துக் கொள்வோம். அதைப் பெறுபவர் கை காலை அசைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. உடல்நலமுள்ள ஒரு தொழிலாளி வழக்கமாக ஈட்டக்கூடிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தகுந்த வேலை செய்து ஈட்ட இயலாதவர் என்பதே அளவுகோல். அத்தகைய ஒருவர் வாசலில் ஒரு மூட்டையைத் தூக்குவதை நாம் காணலாம். கோயில் திருவிழாவில் நாற்காலி அடுக்குவதைக் காணலாம். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டிருப்பது தெருவில் நிற்கும் நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்த்தது ஒரு நிமிடம். மருத்துவர் குழு பார்த்தது ஒரு நோய். அதே சமயம், தற்காலிகமாக வேலை செய்ய இயலாத நாட்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அந்த நாட்களிலேயே வேறிடத்தில் சம்பளத்துக்கு உழைப்பது வேறு செய்தி. அதற்கு நியாயம் சொல்ல முடியாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வாய் திறப்பவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு நோயாளியின் சோற்றில் மண் போடக்கூடும்.

சந்தேகத்தையே முறையாக்கினால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உண்டு. பிரிட்டனில் 1931 இல் வேலையில்லாதோருக்கான உதவிக்குக் குடும்ப வருமானச் சோதனை கடுமையாக்கப்பட்டது. மகன் சம்பாதித்தால் தந்தையின் உதவி குறைந்தது. பக்கத்து வீட்டார் பெயரில்லாக் கடிதம் எழுதும் வழக்கம் வளர்ந்து, தெருவில் ஒருவரை ஒருவர் நம்பாத நிலை உண்டாயிற்று. அதே நாட்டில் 1996 ஆம் ஆண்டில் உதவிப் பண மோசடியைத் தெரிவிக்கத் தனித் தொலைபேசி எண்ணே ஏற்படுத்தப்பட்டது. நெதர்லாந்தில் நடந்தது இன்னும் கொடியது. குழந்தைப் பராமரிப்புக்கான உதவிப் பணத்தில் மோசடி செய்தார்கள் என்று பல்லாயிரம் பெற்றோர்மீது வரி இலாகா தவறாகக் குற்றம் சாட்டியது. வேற்று நாட்டு வம்சாவளியினர் பலர் அதில் சிக்கினர். இரட்டைக் குடியுரிமை உடையவர் என்பதே சந்தேகத்துக்கு ஓர் அடையாளமாகக் கொள்ளப்பட்டிருந்தது. பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னதால் குடும்பங்கள் கடனில் மூழ்கின. உண்மை வெளிவந்தபின், 2021 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் அந்த அரசாங்கமே பதவி விலக நேர்ந்தது. சிறுபான்மையினராக வாழும் நமக்கு இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி. கண்ணை மூடிக்கொண்டு சந்தேகித்தால் அதன் அடி முதலில் யார் முதுகில் விழும் என்பதை நாம் அறிவோம்.

பேசாமல் இருந்தாலும் கேடு. மறைவில் சொன்னாலும் கேடு வரக்கூடும். இடையில் ஒரு வழி உண்டா? உண்டு. நம் முன்னோர் அதை அறிந்திருந்தனர்.

தமிழகத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டது. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொல்வது. அதில் ஒரு விதியை நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இன்றைய நியாயத்தின்படி உறவினரையும் விலக்குவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் பொதுப் பணத்தின் முன் உறவும் நட்பும் சலுகையாகா என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர்ச் சபை கல்லில் வெட்டி வைத்தது. காதோடு காதாகச் சொல்லவில்லை. எல்லாரும் காணும்படி எழுதி வைத்தது.

அண்மைக் காலத்தில் இராஜஸ்தானில் நடந்ததும் இதற்கு நெருங்கியது. அருணா ராய் முதலியோர் 1990 இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் ஒரு மக்கள் விசாரணையை நடத்தியது. அரசாங்க வேலைகளுக்கான கூலிப் பட்டியல் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டது. நம் பெரட்டும் செக்ரோலும் போன்றதுதான் அந்தப் பட்டியலும். இத்தகைய விசாரணைகளில் பெயர் படிக்கப்பட்டதும், "நான் அந்த வேலைக்கே போகவில்லையே" என்று எழுந்து சொன்னவர்கள் உண்டு. இறந்தவர்களின் பெயரில் கூலி வாங்கப்பட்டிருந்ததும் தெரிய வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் எழுந்து பேச இடம் இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் சில ஊராட்சித் தலைவர்கள், எடுத்த பணத்தை மக்கள் முன் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 2005 இல் இந்தியாவில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இத்தகைய சமூகத் தணிக்கைக்கும் இடம் தரப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த விசாரணைகளில் பெரும்பாலும் சிக்கியவர்கள் கூலிக்காரர்கள் அல்லர். கூலிக்காரர்களின் பெயரைப் பயன்படுத்திப் பணம் எடுத்தவர்களே சிக்கினர். பொய்க் கணக்கில் எப்போதும் இருவகையினர் இருக்கின்றனர். வறுமையால் ஒரு பொய்யைச் சொல்லும் ஏழை ஒருவர். பல ஏழைகளின் அடையாள அட்டையை வாங்கிப் பாரம் நிரப்பி, கிடைப்பதில் பங்கு பிடிக்கும் தரகர் மற்றொருவர். தலைக்காசு வாங்கிய பழைய கங்காணியின் வாரிசு என்று இந்தத் தரகரைச் சொன்னால் தவறில்லை. பிடிபடும்போது கையெழுத்திட்ட ஏழை சிறைக்கோ அபராதத்துக்கோ ஆளாவார். தரகர் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

இவ்வளவும் பார்த்தபின் நம் கேள்விக்குத் திரும்புவோம். நண்பரைப் பற்றிச் சொல்வதா, வேண்டாமா?

வள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசும்போது, நண்பர் எல்லை மீறினால் முன்சென்று இடித்துரைப்பதை நட்பின் பயனாகவே வைக்கிறார். புறங்கூறாமைக்கும் அவர் தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். இவ்விரண்டும் சேர்ந்து நமக்கு ஒரு வரிசையைக் காட்டுகின்றன. முகத்துக்கு நேரே சொல்லாததை முதுகுக்குப் பின்னால் சொல்லக் கூடாது.

ஆகவே முதற்படி, நண்பர் வீட்டுக்கே போவது. "அண்ணே, நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக் கொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. நீங்களே போய் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்வது. அவர் கோபப்படலாம். சில மாதம் பேசாமல் இருக்கலாம். அந்த இழப்பைத் தாங்க வேண்டியதுதான். ஒரு வேளை நாம் நினைத்தது தவறு என்றும் அப்போதே தெரியவரும்.

இரண்டாம் படி, அவர் ஏன் செய்தார் என்று கேட்பது. வீட்டில் நோயாளி இருக்கலாம். பிள்ளையின் படிப்புச் செலவு இருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே உரிமையுள்ள வேறு உதவி இருக்கலாம். பலருக்கு அது தெரிவதில்லை. அவரைச் சமூக நல இலாகாவுக்கு அழைத்துச் சென்று முறையாக மனுச் செய்ய உதவினால், பொய்யின் தேவையே போய்விடக்கூடும். கண்டிக்கிறவனுக்குக் கை கொடுக்கும் கடமையும் உண்டு.

மூன்றாம் படி, நாம் துணைபோகாமல் இருப்பது. பொய்ப் பாரத்தில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் மறுக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து கேட்டால் பொய் சொல்லக் கூடாது. நட்பு நம் மௌனத்தைச் சில காலம் கேட்கலாம். நம் பொய்யைக் கேட்க அதற்கு உரிமை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நண்பர் நிறுத்தவில்லை. நாம் நேரில் அறிந்தது உறுதி. பணம் மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கிறது என்றால்? அப்போது சொல்வது துரோகம் ஆகாது என்பதே நம் கருத்து. அவரிடம் முன்கூட்டியே, "இனி நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று தெரிவித்துவிட்டே சொல்ல வேண்டும். எட்டப்பன் என்ற பழிச்சொல் மறைவில் செய்பவனுக்கு உரியது. முகத்தைப் பார்த்து எச்சரித்தவனுக்கு உரியதன்று. மனம் வலிக்கத்தான் செய்யும். வலிக்காமல் நண்பரைப் பற்றிச் சொல்ல முடிகிற ஒருவருக்கு அதைச் சொல்லும் தகுதியே இல்லை.

தரகரைப் பற்றி மட்டும் தயக்கம் தேவையில்லை. ஏழைகளின் அடையாள அட்டையைச் சேர்த்து வைத்துப் பொய் மனு தயாரிப்பவர் நம் நண்பரே ஆனாலும், சொந்தக்காரரே ஆனாலும், அறிந்தவுடன் தெரிவிப்பதே சரி. நாம் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மேலும் சில ஏழைகள் அவர் வலையில் கையெழுத்திடுவார்கள். தகவல் தருவோரைப் பாதுகாக்க நம் நாட்டில் 2010 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அச்சட்டத்தின் பாதுகாப்பு, உரிய அமலாக்க அதிகாரிகளிடம் தெரிவிப்பவருக்கே கிடைக்கும். காப்பிக் கடையில் பரப்புபவருக்குக் கிடைக்காது. இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காப்பிக் கடைப் பேச்சு குற்றத்தை நிறுத்துவதில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தை மட்டும் வாங்கும்.

நம் ஊர்ச் சங்கங்களும், கோயில் நிர்வாகங்களும் இதில் ஒன்று செய்யலாம். எந்த உதவி யாருக்கு, என்ன தகுதி, எப்படி மனுச் செய்வது, எது குற்றம் என்பதை ஆண்டுக்கொரு முறையாவது மக்களைக் கூட்டி விளக்கலாம். விதி எல்லாருக்கும் தெரிந்திருக்கும் இடத்தில் தரகருக்கு வேலை குறையும். அண்டை வீட்டாரைத் தவறாகச் சந்தேகிப்பதும் குறையும்.

நேயர்களே, நம் பாட்டன் பூட்டன் பெரட்டுக் களத்தில் நின்றபோது கணக்குப் புத்தகம் வேறொருவர் கையில் இருந்தது. அன்று வாயை மூடியிருந்தது அவர்களுக்குத் தற்காப்பு. இன்று அந்தப் புத்தகத்தில் நம் சந்தாவும் வரியும் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் பொய் ஏறும்போது அழிவது நம் சேமிப்பு. நம்மை நம்பிப் பழகிய நண்பரின் கதவைத் தட்டி, உள்ளே போய், உட்கார்ந்து பேசுவதிலிருந்து நம் கடமை தொடங்குகிறது. பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடும்.